சாந்தோம் கடல் மூச்சை இழுக்குதா, விடுதா?

மயிலாப்பூர்ல கச்சேரி ரோடு பிடிச்சு கிழக்கே நடந்தா சாந்தோம். அதைத் தாண்டினா வங்காள விரிகுடா. இன்னைக்கு எபிசோட்ல ஒரே கேள்விதான்: அந்தத் தண்ணி காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்குதா, இல்ல வெளியே விடுதா?

உலகக் கடல்களை மொத்தமா எடுத்துக்கிட்டா, மனுஷங்க வெளியிடுற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய கால் பங்கை அது வாங்கிக்குது. ஆனா இந்த 'மொத்தமா'ங்கிற வார்த்தைக்குள்ள நிறைய ஒளிஞ்சிருக்கு. சில கடல் இழுக்கும், சில கடல் கக்கும். எது எதுன்னு தெரிய, கப்பல்ல போய் அளந்து பார்த்துதான் ஆகணும்.

எப்படி அளக்கிறாங்க? கோலி சோடாவை நினைச்சுக்கோங்க. மூடின பாட்டில்ல திரவத்துக்கும் மேல இருக்கிற காத்துக்கும் நடுவுல ஒரு சமநிலை வந்துடும். அதே வித்தைதான். கடலின் மேல்மட்டத் தண்ணியைப் பம்ப் பண்ணி, ஒரு மூடிய டப்பாவுக்குள்ள ஷவர் மாதிரித் தெளிப்பாங்க. டப்பாவுல இருக்கிற காத்து அந்தத் தண்ணியோட சமநிலைக்கு வரும். அந்தக் காத்து வழியா அகச்சிவப்புக் கதிரை அனுப்பினா, எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுதுங்கிறதை வெச்சு அளவு தெரிஞ்சிடும். வெளிக்காத்தை விட அதிகமா இருந்தா கடல் கக்குது, கம்மியா இருந்தா இழுக்குது. இதுல ஒரு சிக்கல் இருக்கு: தண்ணி 1 டிகிரி சூடானாலே இந்த அழுத்தம் 4 சதவீதத்துக்கு மேல ஏறிடும். கப்பல் குழாய்க்குள்ள வர்றப்போ தண்ணி சூடாகும், அதைக் கணக்குல கழிக்கணும். கழிக்க மறந்தா, இழுக்கிற கடல் கக்குற கடலாத் தெரியும்!

1957-ல் டாரோ தகஹாஷி என்ற ஜப்பானிய இளைஞர், அமெரிக்காவின் 'வீமா' கப்பலில் ஏறி இந்த வேலையை ஆரம்பித்தார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போ காத்துல பத்து லட்சத்துல 315 பங்கு. இப்போ 420-ஐத் தாண்டியாச்சு. மலை மேல நிலையா ஒரு கருவி வைக்கலாம். கடலுக்கு அந்த வசதி இல்ல. அடுத்து சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம், 1959 முதல் 1965 வரை. அதன் பகுதியான 'லூசியாட்' பயணத்தில், 1962-63-ல், கீலிங் குழு கடலின் மேல்மட்டத்தையும் அளந்தது. இந்தியா 'ஐ.என்.எஸ். கிஸ்த்னா'வை அனுப்பியது. அந்த முயற்சியின் தொடர்ச்சியா 1966-ல் பிறந்ததுதான் தேசியக் கடலியல் நிறுவனம், சுருக்கமா என்.ஐ.ஓ.

நம்ம பக்கத்துக் கதை அதுக்கப்புறம்தான். 1991-ல் எடுத்த அளவுகளை வெச்சு திலீப் குமார், நக்வி உள்ளிட்ட என்.ஐ.ஓ விஞ்ஞானிகள் 1996-ல் ஒரு கட்டுரை போட்டாங்க: வங்காள விரிகுடா கார்பனை இழுக்குது. 1998-ல் இன்னொண்ணு: அரபிக்கடலோட மத்தியப் பகுதியும் கிழக்குப் பகுதியும் வருஷம் முழுக்கக் கக்குது. ஒரே நாட்டோட ரெண்டு கரை, ரெண்டு குணம்! காரணம் பெரிய அளவுக்கு நதிகள். கங்கையும் பிரம்மபுத்ராவும் கொட்டுற நன்னீர் விரிகுடாவுக்கு மேல ஒரு மூடி மாதிரி மிதக்கும். கீழே இருக்கிற கார்பன் நிறைஞ்ச தண்ணி அதைத் தாண்டி மேல வர முடியாது.

அப்போ சாந்தோம் இழுக்குதுன்னு முடிச்சிடலாமா? முடியாது. விசாகப்பட்டினத்தில் இருக்கும் வி.வி.எஸ்.எஸ். சர்மாவின் குழு, தென்மேற்குப் பருவமழை நேரத்தில் கரையோரமாவே அளந்து 2012-ல் எழுதியது: கங்கை நீர் சேரும் வடமேற்குப் பகுதி இழுக்குது, தீபகற்ப நதிகள் கலக்கும் தென்மேற்குக் கரையோரம் கக்குது. 2015-ல் அதே குழு 1991 அளவையும் 2011 அளவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தது. கரையோரத் தண்ணி அமிலமாகிட்டு வருது, அதுல காத்து மாசுக்கும் பங்கு இருக்குன்னு சொன்னாங்க. எனக்கு இதுல உறுத்துறது அந்த இருபது வருஷ இடைவெளி. லாக் ஃபைல்ல முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் வெச்சுக்கிட்டு டீபக் பண்ணச் சொன்னா எப்படி இருக்கும்? அதுதான் அவங்க நிலைமை.

2013 நவம்பர்ல அமெரிக்காவின் நோவாவும் இந்தியாவும் சேர்ந்து, விரிகுடாவுல ஒரு மிதவையில கார்பன் கருவி பொருத்தினாங்க. 3 மணி நேரத்துக்கு ஒரு அளவு. அருமையான விஷயம். ஆனா அது இருக்கிறது 15 டிகிரி வடக்கு, 90 டிகிரி கிழக்கு. சென்னையில இருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல, நடுக்கடல்ல. கரையோரத்தோட கதையை அது சொல்லாது.

கரையோரம் வேற மாதிரி நடந்துக்குது. வடகிழக்குப் பருவமழை சமயத்துல கரையோர நீரோட்டம் வடக்கே இருந்து தெற்கே திரும்பும். கங்கை கொட்டின நன்னீர் அப்போ சாந்தோம் வழியாத்தான் கீழே இறங்கும். சில மாசம் கழிச்சு ஓட்டம் தெற்கே இருந்து வடக்கே மாறிடும். அதனால ஜூலையில ஒருத்தர் அளந்ததை வெச்சு நவம்பருக்குப் பதில் சொல்ல முடியாது. ரெண்டு மாசமும், வருஷா வருஷம், இதே கரையில அளக்கணும்.