உறங்கும் கணினிகளின் ஊழியம்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதி ஒரு காலத்தில் நெல்வயலாக இருந்தது. 1969ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, ஆலைகளை அழைத்து வருவதே வழியெனக் கண்டார். 1972இல் பாயான் லெப்பாசில் தடையிலா வாணிக வட்டாரம் அமைந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே ஆண்டில் அங்கே நிறுவியது. பழைய கணினியைத் திறந்து பார்த்தோர், அதன் சில்லின் மேல் 'மலேய்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர்.

அச்சில்லுகள் உலகெங்கும் சென்று செய்த வேலை யாது? பெரும்பாலும் காத்திருந்தமையே. விநாடிக்குப் பல கோடிக் கட்டளைகளை நிறைவேற்ற வல்ல பொறி, எழுத்தர் ஒருவர் அடுத்த எழுத்தைத் தட்டும்வரை சும்மா இருந்தது. மாலையில் அவர் வீடு சென்றபின் விடியும்வரை சும்மா இருந்தது. இவ்வாறு வீணாகும் நேரத்தைத் திரட்டிப் பொதுப்பணிக்கு ஆக்கலாம் என்ற எண்ணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

1970களின் இறுதியில், கலிபோர்னியாவிலுள்ள சீராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஷோக், ஜான் ஹப் என்னும் இருவர், இரவில் ஆளற்றுக் கிடக்கும் கணினிகளைத் தானே தேடிச் சென்று வேலை செய்யும் நிரல் ஒன்றை எழுதினர். அதற்குப் 'புழு' என்று பெயர். ஓரிரவு அது கட்டுமீறிப் பரவிற்று. காலையில் வந்தோர் கண்டவை செயலற்று நின்ற கணினிகளே. இதனை அவர்களே 1982இல் மறைக்காமல் எழுதி வெளியிட்டனர். பிறர் பொறியில் நுழையும் நிரலுக்குக் கடிவாளம் வேண்டும் என்ற பாடம் இத்துறையில் இவ்வாறு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்த இம்முயற்சி, முன்பின் அறியாதோரின் கூட்டுப்பணியாக மாறியது இணையம் பரவிய பின்னரே. 1977இல் அறைகூவலாக விடப்பட்ட 129 இலக்க எண் ஒன்றை, 1994இல் ஏறத்தாழ 600 தொண்டர்கள் மின்னஞ்சல்வழி வேலையைப் பங்கிட்டுக் காரணிகளாகப் பிரித்தனர். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7, 31, 127 போன்ற எண்கள் வரும். அவற்றுள் பகா எண்களே மெர்சென் பகா எண்கள். வரிசை வளர வளர அவை மிக அரியவையாகிவிடும்.

1999 ஜூன் மாதம் இவ்வேட்டையில் 20,98,960 இலக்கங்கள் கொண்ட பகா எண் அகப்பட்டது. பத்து லட்சம் இலக்கத்தைக் கடந்த முதல் பகா எண் அதுவே. கண்டது எந்த மீக்கணினியும் அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நயன் ஹஜ்ரத்வாலா என்பாரிடம் இருந்த சாதாரணப் பென்டியம் 2 கணினியே அதனைக் கண்டது. ஓயாமல் ஓடியிருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும் கணக்கு, பகுதிநேரமே ஓடியதால் 111 நாள் எடுத்தது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு அறிவித்திருந்த 50,000 டாலர் பரிசும் இதற்குக் கிட்டியது. மெதுவாக முடித்தாலும் முடித்தமையே இங்கு மதிப்புப் பெற்றது.

அதே ஆண்டு மே 17ஆம் நாள், பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் திறந்தனர். போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த வானொலி அலைகளை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி, வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினர். வேற்றுலகத்தாரின் குறிகை ஏதும் அவற்றில் உண்டோ எனத் தேடுவதே பணி. ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர்.

தொண்டர் பெருகியதும் சிக்கல்களும் பெருகின. கூலி வாங்காதவனை வேலைக்கு எப்படி நம்புவது? 'கோத்தோங் ரோயோங்' செய்து பள்ளி வளாகத்தைத் துப்புரவாக்குவோர் இதை நன்கு அறிவர். வருவேன் என்றவர் வராவிட்டால் அவர் பங்கு அப்படியே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டிற்கும் கெடுநாள் குறித்தனர். அந்நாளுக்குள் விடை திரும்பாவிடில் அதே துண்டு வேறொருவருக்குப் போகும். வாரம் ஒருமுறை திறக்கப்படும் கணினி, பேராசை கொண்டு பத்து நாள் வேலையை முன்கூட்டியே வாங்கி அடுக்கிக்கொண்டால் நேர்வது என்ன? எல்லாமே கெடு கடந்து போகும். அதே கணக்கை மற்றொருவர் மீண்டும் போடுவார். முந்தையவர் செலவிட்ட மின்சாரம் வீண். ஆர்வம் மிகுந்தவராலும் இவ்வாறு திட்டத்திற்கு இடையூறு நேர்ந்தது.

இதற்குத் தீர்வாகப் பெர்க்லியின் டேவிட் ஆண்டர்சன் 2002இல் தொடங்கிய 'பாயிங்க்' என்னும் நிரல் அமைப்பு பல கட்டுப்பாடுகளை உரியவர் கையிலேயே தந்தது. அவர் கணினியில் வேலை செய்யும்போது நிரல் ஒதுங்கியிருக்க வேண்டுமா, எந்த மணி முதல் எந்த மணி வரை ஓடலாம், எத்தனை நாளுக்குரிய வேலையை இருப்பு வைக்கலாம் என்பனவற்றை அவரே தீர்மானிக்கலாம். கணினி ஒரு நாளில் எத்துணை நேரம் விழித்திருக்கிறது என்பதை நிரலும் கணக்கிட்டுக்கொண்டே வரும். கெடு நெருங்கும் துண்டை முன்னே எடுத்து முடிக்கும். இடையிடையே செய்த கணக்கைத் தட்டில் எழுதி வைப்பதால், யாரேனும் திடுமென நிறுத்திவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அரிதாகப் பயன்படும் கணினிக்கு ஏற்றது சிறிய இருப்பும் நீண்ட கெடுவுமே என்பது விளங்கும். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தொடங்கிய தட்பவெப்பக் கணிப்புத் திட்டம் ஓராண்டளவு கெடு தந்தமை இவ்வகைக் கணினிகளுக்குப் பெருந்துணை.

ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் முறையும் வந்தது. ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர் திருத்துவது போன்றது இது. பொறி பழுதுபட்டிருக்கலாம் என்பது ஒரு காரணம். புள்ளிப் பட்டியலில் முன்னேற வேண்டி நிரலையே திருத்திப் பொய்க்கணக்குக் காட்டியவர்களும் இருந்தார்கள் என்பது மற்றொன்று. தொண்டிலும் இந்நோய் உண்டு!

'ஓய்வு நேரம் இலவசம்' என்ற அடிப்படையே ஐயத்திற்குரியது எனலாம். தொடக்கக் காலக் கணினி சும்மா இருந்தாலும் உழைத்தாலும் மின்செலவு பெரிதும் மாறவில்லை. பின்னர் வந்த சில்லுகளோ ஓய்வில் மிகக் குறைந்த மின்சாரம் உண்ணுமாறு அமைந்தன. ஆகவே தொண்டுக்கு ஒரு விலை வந்துவிட்டது. அவ்விலையை யார் கொடுப்பது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரிக் கணினிகளில் இசைவின்றி இத்தகைய நிரலை ஏற்றிய நிர்வாகி ஒருவர்மீது 2001இல் குற்றவழக்குத் தொடரப்பட்டது. விநாடிக்கு 59 காசு வீதம் நான்கு லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்குச் சொன்னார்கள். 2002 ஜனவரியில் ஓராண்டு நன்னடத்தைக் காவலும் சிறு தொகையுமாக வழக்கு முடிந்தது. அக்கணக்கு நகைப்பிற்குரியதே. எனினும் பொறி கல்லூரியுடையது, இசைவு கேட்கப்படவில்லை என்ற இரண்டையும் மறுக்க இயலாது. பள்ளிகளின் கணினி அறைகள் விடுமுறையில் பூட்டிக் கிடப்பதைக் கண்டு மனம் வருந்தும் ஆசிரியர் எவரும் முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய வழக்கு இது.

தமிழருக்கு இவ்வகைக் கூட்டுழைப்பு வேறு வடிவில் வாய்த்தது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இங்கு உழைத்தவை ஆளில்லாக் கணினிகள் அல்ல. அவற்றின் முன் அமர்ந்த ஆட்கள். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் நூல்களைப் பங்கிட்டுத் தட்டச்சு செய்தனர். ஒருவர் அடித்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். திருக்குறள் முதல் நூலாயிற்று. எழுத்துருக் குழப்பம் மிகுந்த காலம் அது. நூல்கள் முதலில் ஒரு குறியேற்றத்திலும், பின்னர் 'திஸ்கி' முறையிலும், அதன்பின் யூனிகோடிலும் மாற்றி அமைக்கப்பட்டன. புள்ளிப் பட்டியல் இங்கில்லை. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று நூலின் தலைப்பில் பெயர் மட்டும் இருக்கும்.

2020 மார்ச் மாதம், பெருந்தொற்று தொடங்கிய வேளையில், புரதங்களின் மடிப்பை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்திற்குத் தொண்டர்கள் திரண்டனர். விநாடிக்கு ஒரு லட்சம் கோடியின் பத்து லட்சம் மடங்கு கணக்குகளை அது எட்டியது. அத்தனை கணினிகளுக்கும் போதிய வேலை கொடுக்க இயலாமல் வழங்கிகள் திணறின. அம்மாதம் 31ஆம் நாள் 'செட்டி அட் ஹோம்' புதிய துண்டுகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அரேசிபோ தொலைநோக்கி அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் இடிந்து வீழ்ந்தது. இருபத்தோராண்டு திரட்டிய முடிவுகளைச் சலிக்கும் பணியை ஆய்வாளர் சிலர் அதன் பின்னும் தொடர்ந்து செய்துவந்தனர்.