குண்டுக்கும் குழலுக்கும் நடுவே

பள்ளிக்கூடத்தில் 1857 பற்றிப் படித்த எல்லோருக்கும் ஒரு விடை மனப்பாடம்: பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள் என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் தோட்டாவில் கொழுப்புக்கு என்ன வேலை? எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இன்ஜினியரிங்கில் உராய்வு பற்றிய பாடம் வந்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியது. விடையைத் தேடிப் போனால், குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடத்துக்கு ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. அதில் 1857 ஒரு அத்தியாயம்தான்.

முதலில் துப்பாக்கி. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி அனுப்பும். சுழல்கிற குண்டு பம்பரம் மாதிரி தடுமாறாமல் போகும். குழலின் விட்டம் 0.577 அங்குலம். குண்டு அதைவிடக் கொஞ்சம் சின்னது, ஏனென்றால் அதைக் குழலின் வாய் வழியாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். மருந்து வெடிக்கும்போது மென்மையான ஈயம் விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும்.

சிக்கல் கருமருந்தில். எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடக் கசடாக மிஞ்சும். வெயில் காலத்தில் அது குழலுக்குள் காய்ந்து இறுகிவிடும். சில தடவை சுட்டபின் அடுத்த குண்டை எவ்வளவு இடித்தாலும் உள்ளே போகாது. இதற்குத்தான் கொழுப்பு. குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் மேல் விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து பூசினார்கள். அது கசடை இளக்கி வைத்தது.

சிப்பாய் செய்ய வேண்டியது இது. தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கணும், மருந்தைக் குழலுக்குள் கொட்டணும், தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்பு பூசிய மறுமுனையைக் குழலுக்குள் செருகி, மிச்சக் காகிதத்தைக் கிழித்துவிட்டு இடிக்கணும். கவனித்தீர்களா? கடிக்கிற முனை வேறு, கொழுப்பு பூசிய முனை வேறு. வரைபடத்தில் பார்த்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் திருப்புகிற விரலில் கொழுப்பு ஒட்டும். அடுத்த தோட்டா அதே விரலோடு வாய்க்கு வரும். நாள் முழுக்கப் பெட்டிக்குள் உரசிக்கொண்டு கிடக்கும் தோட்டாக்களில் எந்த முனை சுத்தம் என்று யார் சொல்வது?

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் வதந்தி கிளம்பியது. அரசு உடனே இறங்கிவந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே, கொழுப்பில்லாத தோட்டாக்களைக் கொடுங்கள், சிப்பாய்கள் தங்களுக்குச் சம்மதமானதைத் தாங்களே பூசிக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்தால், சந்தேகம் காகிதத்துக்குத் தாவியது. புதுக் காகிதம் பளபளக்கிறது, கிழித்தால் துணி மாதிரி இருக்கிறது, எரித்தால் கொழுப்பு வாசனை வருகிறது என்றார்கள். பாரக்பூரில் விசாரணை நடந்தது. காகிதத்தைச் சோதித்தார்கள், கொழுப்பு இல்லை. சந்தேகம் போகவில்லை. பிறகு, பல்லால் கடிக்கவே வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சியையே மாற்றினார்கள். அந்தப் புது முறையைக் காட்டுவதற்காகத்தான் ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 90 பேரை அணிவகுக்க வைத்தார்கள். கொடுத்தவை பழைய தோட்டாக்கள். 85 பேர் வாங்க மறுத்தார்கள். மே 9 அன்று அவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

அயோத்தி அரசைக் கம்பெனி விழுங்கியது, கடல் கடந்து போகச் சொன்ன 1856ஆம் ஆண்டுச் சட்டம் என்று கோபத்துக்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன. கொழுப்பு மட்டுமே 1857ஐ உண்டாக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. குழலுக்குள் இருந்த உராய்வைக் குறைக்கப் போட்ட பொருள், அந்த உராய்வைச் சிப்பாயின் நாக்குக்கு இடம் மாற்றியது. கொழுப்பு போனது, காகிதம் சோதிக்கப்பட்டது, பல்லுக்கும் வேலை போனது. உராய்வு மட்டும் அங்கேயே இருந்தது.

இந்த இடமாற்றம் மதம், சாதி, சாம்ராஜ்யம் சம்பந்தப்பட்டதால் மட்டும் வந்ததா? இல்லை. இவை எதுவுமே இல்லாத ஓர் இடத்திலும் அது நடந்திருக்கிறது.

1886இல் பிரான்ஸ் புகையில்லா வெடிமருந்தோடு லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்தது. கசடுப் பிரச்சினை பெருமளவு ஒழிந்தது. ஆனால் வேகம் ஏறியது. அந்த வேகத்தையும் சூட்டையும் வெறும் ஈயம் தாங்காது, அதனால் குண்டுக்கு உலோகச் சட்டை போட்டார்கள். செம்பும் நிக்கலும் கலந்த சட்டை. அமெரிக்காவின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டில் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பறந்தது. இப்போது சட்டையே குழலுக்குள் உரசி, வாய்ப்பக்கம் கட்டிகட்டியாக ஒட்டியது. அம்மோனியாக் கரைசல் ஊற்றி ஊறவைத்துத்தான் அதைக் கரைக்க முடியும். போட்டிகளில் சுடுபவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சுடுவதற்கு முன் குண்டின் நுனியைக் கிரீஸில் முக்குவது. மோபிலூப்ரிகண்ட் என்ற கிரீஸ் டப்பா கூடவே இருக்கும்.

கிரீஸ் ஆபத்து என்று ராணுவப் பொறியாளர்களுக்குத் தெரியும். 1921இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபர்டு ஆயுதசாலை ஒரு நேர்த்தியான தீர்வைக் கொண்டுவந்தது: குண்டின் சட்டைமேல் வெள்ளீய முலாம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் ஒட்டுகிற படிவு இளகி உதிர்ந்துவிடும். வழவழப்பு குண்டிலேயே இருக்கிறது, கையில் பிசுபிசுப்பில்லை, டப்பா தூக்க வேண்டியதில்லை. அந்த வருடம் ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடந்த தேசியப் போட்டிக்கு இந்தத் தோட்டாக்கள்தான் போயின. அருமையாகவும் சுட்டன.

ஆனால் சேமிப்பில் இருக்கும்போது வெள்ளீயம் பித்தளை உறையின் கழுத்தோடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டது. அப்போதும், வெடிக்கும்போது கழுத்து இம்மி விரிந்தால் பிடி விட்டு குண்டு கிளம்பிவிடும். சிலர் பழக்கதோஷத்தில், முலாம் பூசிய குண்டையும் கிரீஸில் முக்கினார்கள். கழுத்து விரிய வேண்டிய அந்த இம்மி இடத்தில் கிரீஸ் நிரம்பியது. கிரீஸ் அமுங்காது. கழுத்து விரிய இடமில்லை, குண்டு விடுபடவில்லை, அழுத்தம் எகிறியது. ரைஃபிள்கள் சேதமாயின. ஜூலியன் ஹேச்சர் என்ற ராணுவ ஆயுத அதிகாரி இதையெல்லாம் பின்னாளில் தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். வெள்ளீய முலாமைக் கைவிட்டார்கள். சட்டைக்கே செம்பு-துத்தநாகக் கலவை வந்தது.

தனியாகப் பார்த்தால் முலாமும் சரி, கிரீஸும் ஏதோ சமாளித்துப் போகிற விஷயம்தான். இரண்டும் சந்தித்தபோதுதான் வெடித்தது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின கதை. ஓர் இடத்தில் நெரிசலைச் சரிசெய்தால் அடுத்த இடத்தில் போய் முட்டும்.

உலர்ந்த உயவு என்ற யோசனை நமக்கும் அந்நியமில்லை. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மையில் விளக்கெண்ணெயோடு வைக்கோல் கரியையும் குழைப்பார்கள். எண்ணெய் வழிந்துபோனாலும் கரி தங்கும். 1990களில் அமெரிக்கக் குறிபார்ப்பாளர்கள் கையில் எடுத்தது இதன் தூரத்துச் சொந்தம்: மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கருஞ்சாம்பல் தூள். பார்க்கப் பென்சில் கரி மாதிரி இருக்கும். அந்தக் குழப்பத்தில்தான் கிரேக்க மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லே இதன் பெயருக்கு வேராகிவிட்டது. வேறொரு பொருள் என்று 1778இல் நிரூபித்தவர் ஸ்வீடனின் ஷீலே. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான அமைப்பு, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பென்சில் கரிக்கு வழுக்க ஈரப்பதம் வேண்டும். இதற்கு வேண்டாம், வெற்றிடத்திலும் வழுக்கும். அதனால்தான் விண்கலங்கள்வரை போனது.

குண்டுகளையும் இந்தத் தூளையும் ஓர் உருளைக்குள் போட்டு மணிக்கணக்கில் உருட்டி, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சும் கொடுத்தார்கள். குழலில் படிவு குறையும், அடிக்கடி துடைக்க வேண்டாம் என்பது நம்பிக்கை. உராய்வு குறைந்தால் வேகம் கூடணும்தானே? நடந்தது தலைகீழ். வெடிமருந்து நன்றாக எரிய எதிர்ப்பு வேண்டும். குண்டு சுலபமாக நழுவியதால் அழுத்தம் குறைந்தது, கூடவே வேகமும். துடைத்த குழலில் முதல் சில குண்டுகள் ஓர் இடத்திலும், பூச்சு படிந்தபின் வருபவை இன்னோர் இடத்திலும் பட்டன. படிந்த தூளுக்கு அடியில் ஈரம் தங்கித் துரு பிடிக்கிறது என்று சிலர் கைவிட்டார்கள். அடுத்து வெள்ளைத் தூளான போரான் நைட்ரைடு வந்தது. அதைக் குண்டில் மட்டுமல்லாமல் குழலின் உட்புறத்திலும் பூசுகிறார்கள். எது மேல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்குத் தோட்டாவைத் தொட்டதும் விரலில் வரும் பிசுக்கு ஞாபகம் இருக்கும். அது குண்டின்மேல் பூசிய மெழுகு. நாங்கள் யாரும் அது என்ன என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத நிலையில் இருந்தோம், அவ்வளவுதான். டம்டம்மில் இருந்தவன் அந்த நிலையில் இல்லை. அவனைப் பொறுத்தவரை விரலில் ஒட்டுவது என்ன என்பதுதான் ஊருக்குத் திரும்பினால் யார் வீட்டில் சாப்பிடலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

இது கம்பெனிக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1806இலேயே வேலூரில் புதுத் தலைப்பாகையின் தோல் குஞ்சம் எந்த மிருகத்தினுடையது என்ற சந்தேகமும் சேர்ந்து கலகம் வெடித்திருந்தது. என்ஃபீல்டு தோட்டாக்கள் சோதனைக்கு முதலில் இந்தியா வந்தது 1853இல். அப்போதே வங்காளப் படையின் உயரதிகாரி கர்னல் டக்கர் எழுத்தில் எச்சரித்தார்: இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சாதி, மத உணர்வைப் புண்படுத்தாது என்று தெரியாமல் இதை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். கடிதம் கோப்பில் தங்கியது. சோதனை மட்டும் ஒழுங்காக நடந்தது. வெவ்வேறு ஊர்களுக்குத் தோட்டாக்களை அனுப்பி, கொழுப்பு இந்த ஊர் வெயிலைத் தாங்குகிறதா என்று பார்த்தார்கள்.

தாங்கியது.