பொம்மிடி வட்டாரத்தில் உலகமயமாக்கலும் இணையமும்

பொம்மிடி, தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள ஊர். சென்னை–சேலம் ரயில் பாதையில் மொரப்பூருக்கும் லோக்கூருக்கும் நடுவில் இதன் நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி, கரும்பு, மஞ்சள், பாக்கு, தென்னை ஆகியவை விளைகின்றன. உலகச் சந்தையும் இணையமும் இவ்வட்டாரத்தின் பயிர், கூலி, பிழைப்பு ஆகியவற்றை மாற்றிய விதத்தைச் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பின்னணியில் இக்கட்டுரை விவரிக்கிறது.

மாற்றம் மூன்று வழிகளில் நடந்திருக்கிறது. விளைபொருள் வெளியே போயிற்று. பிறகு ஆட்கள் வெளியே போனார்கள். கடைசியாக, வெளியூர் வேலை கம்பி வழியாக உள்ளே வரத் தொடங்கியது. முதல் இரண்டுக்கும் இணையம் தேவைப்படவில்லை. மூன்றாவது இணையத்தால் மட்டுமே முடிந்தது. அது இன்னும் அரும்பு நிலையிலேயே இருக்கிறது.

பின்புலம்

1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய ரயில், 1860-களின் தொடக்கத்தில் சேலத்தைத் தாண்டி மேற்குக் கடற்கரை வரை நீண்டது. பொம்மிடி அந்தப் பாதையில் அமைந்தது. மாவட்டத் தலைநகரான தருமபுரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது சேலம்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. அதனால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், கடத்தூர்ப் பக்கத்து மக்கள் சென்னைக்கோ ஈரோட்டுக்கோ ரயிலில் போக வேண்டுமானால் மொரப்பூரிலோ பொம்மிடியிலோதான் ஏற வேண்டும்.

சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது, தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர் அதனுடன் போய்விட்டது. மிஞ்சியது பெரும்பாலும் மானாவாரி நிலமும் மலையடிவாரக் கிராமங்களும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843, எழுத்தறிவு 68.5 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்பில் தமிழக மாவட்டங்களிலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு இதுதான்.

மரவள்ளியும் உலகச் சந்தையும்

இவ்வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். போர்ச்சுகீசியர் வழியாகக் கேரளத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழகத்துக்குப் பரவியது. அதிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியின் பெயரிலும் கடல் கடந்த சுவடு இருக்கிறது. 'ஜாவா அரிசி' என்பதன் மருவு என்று மக்கள் சொல்வார்கள். 'சாகு' என்ற மலாய்ச் சொல்லோடு இணைத்துப் பார்ப்போரும் உண்டு.

ஜவ்வரிசித் தொழில் சேலத்தில் வேர்பிடிக்கக் காரணம் இரண்டாம் உலகப் போர். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி போரால் நின்றுபோனது. அப்போது சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்து கேரளத்தில் குடியேறியிருந்த, மரவள்ளி மாவு பற்றி அறிந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து 1943-ல் உற்பத்தியைத் தொடங்கினார். உலக வணிகம் அறுந்த இடத்தில் உள்ளூர்த் தொழில் ஒன்று முளைத்தது. பின்னாளில் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் சேகோ ஆலைகள் பெருகின.

செய்முறை இன்றும் ஏறக்குறைய அதேதான். கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். அடியில் தங்கும் ஈர மாவைக் குலுக்கி மணியாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். மிஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத் தீவனமாகிறது. மாவாகவே விற்கப்படும் ஸ்டார்ச், நெசவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடவும், காகிதம், பசை தயாரிக்கவும் பயன்படுகிறது.

விவசாயியின் வரவை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆலையில் லாரியிலிருந்து எடுத்த மாதிரிக் கிழங்கைத் தராசில் நிறுத்து, பிறகு தண்ணீரில் மூழ்கவைத்தும் நிறுப்பார்கள். இரண்டு எடைக்கும் உள்ள உறவை வைத்து மாவுச்சத்தைக் கணித்து, அதைப் 'பாயிண்ட்' என்று குறிப்பார்கள். ஒரு பாயிண்டுக்கு இன்ன விலை என்பதே பேரம். முள்ளுவாடி, குங்குமரோஸ் போன்ற ரகங்களுக்கும், மழைக்குப் பின் பிடுங்கிய கிழங்குக்கும் பாயிண்ட் மாறும். பத்து மாதம் காத்திருந்த பயிரின் கணக்கு அந்தத் தராசு முள்ளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் பாயிண்ட் விலை தராசடியில் உருவாவதில்லை. தமிழக ஜவ்வரிசியை மிகுதியாக வாங்குவது வட மாநிலங்கள். மகாராஷ்டிரம், குஜராத் முதலிய இடங்களில் நவராத்திரி, சிவராத்திரி விரத நாட்களில் அது முக்கிய உணவு. ஸ்டார்ச்சுக்கு மக்காச்சோள மாவு போட்டி. மக்காச்சோளம் மலிந்தால் மரவள்ளி மாவுக்குத் தேவை குறையும். உலக அளவில் மரவள்ளி ஸ்டார்ச்சைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடுகள் தாய்லாந்தும் வியட்நாமும். எனவே பாப்பிரெட்டிப்பட்டிக் கிழங்கின் விலைக்குப் பின்னால் விரத நாட்காட்டியும் மக்காச்சோள விளைச்சலும் அயல்நாட்டு ஆலைகளும் சேர்ந்தே நிற்கின்றன.

இடைத்தரகரின் பிடியைத் தளர்த்த 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஆலைகள் சரக்கை அதன் கிடங்கில் வைக்கின்றன. மாதிரியைப் பார்த்து வணிகர்கள் விலை கேட்கிறார்கள். முன்பு மூடிய உறையில் வந்த விலைப்புள்ளி இப்போது மின்னணு ஏலமாகிவிட்டது. அன்றைய விலை நிலவரம் சில நிமிடங்களில் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடுகிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை தெரிவது பேரத்தில் ஓரளவு தெம்பு தருகிறது. எனினும் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும் என்பதால், தெரிந்த விலைக்காகக் காத்திருக்கும் வசதி விவசாயிக்கு இல்லை.

பூச்சியும் மருந்தும்

நாடுகளுக்கிடையே பயணித்தவை சரக்கும் பணமும் மட்டுமல்ல. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் பெரும் சேதம் விளைவித்தது. அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைப் பராகுவேயிலிருந்து கொண்டுபோய் ஆப்பிரிக்க வயல்களில் விட்ட முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன், 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே பூச்சி 2020-ல் கேரளத்தில் தென்பட்டது. விரைவிலேயே சேலம், தருமபுரி, நாமக்கல் வயல்களிலும் குருத்துகள் சுருண்டன. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், பெனின் நாட்டிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்திடமிருந்து அந்தக் குளவியை 2021-ல் வரவழைத்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. இடர் வந்த அதே உலக வழியில் தீர்வும் வந்தது.

1991-க்குப் பிந்தைய இடப்பெயர்வு

1991 ஜூலையில் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயம், இவ்வட்டாரத்துக்கு ஆலைகளைக் கொண்டுவரவில்லை. ஆட்களை ஆலைகள் இருக்கும் ஊருக்கு அனுப்பியது. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக வெளியேறுவது தருமபுரிக்குப் பழக்கப்பட்டதுதான். 1990-களுக்குப் பின் அது ஆண்டு முழுவதற்கும் உரிய பிழைப்பானது. தகவல் தொழில்நுட்பத்தால் வீங்கிய பெங்களூருவின் கட்டட வேலையும், திருப்பூரின் பின்னலாடை வேலையும் முக்கிய இழுவிசைகள்.

வளர்ந்த நாடுகள் ஆடை இறக்குமதிக்கு விதித்திருந்த நாடுவாரி ஒதுக்கீடு 2005 ஜனவரி 1-ல் முடிவுக்கு வந்தபின் திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தது. அந்த வளர்ச்சி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2025 காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்ததும் திருப்பூருக்கு வந்த ஆர்டர்கள் தடைபட்டன. வாஷிங்டனில் எழுதப்பட்ட உத்தரவு, ஊருக்கு அனுப்பும் சம்பளப் பணத்தில் எதிரொலித்தது.

அண்மையில் இடப்பெயர்வின் தூரம் குறைந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 2021-ல் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை வந்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் உறைகள் தயாராகின்றன. இரண்டிலும் உற்பத்தி வரிசையில் பெண்களின் பங்கு பெரிது. விடுதியில் தங்கி மாதச் சம்பளம் வாங்கும் இளம்பெண் என்பது, ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கிராமங்கள் அறியாத ஒன்று.

இணையத்தின் வருகை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். தொடங்கியது. கிராமத்துக்கு அது நடைமுறையில் வந்து சேர இருபது ஆண்டுகள் பிடித்தன. 2016-ல் ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, இரண்டுக்கும் பின் நவம்பரில் பணமதிப்பிழப்பு. இந்த மூன்றும் சேர்ந்து கைப்பேசியை மணிபர்சாக்கின. 2025 ஆகஸ்டில் நாட்டில் யு.பி.ஐ. பரிமாற்றங்கள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைக் கடந்தன. பெங்களூருவில் சாரம் கட்டுபவர் சனிக்கிழமைக் கூலியை அன்றிரவே ஊருக்கு அனுப்ப முடிகிறது. முன்பு மணியார்டரோ, ஊருக்குத் திரும்பும் ஆளோ அந்த வேலையைச் செய்தார்கள்.

உடலுழைப்பும் இணையத்துக்குள் வந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில், 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியே கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளரைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. போலிப் பெயர்களை ஒழிப்பது நோக்கம். ஆனால் சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால், மண் வெட்டியவரின் ஒருநாள் கூலி கேள்விக்குள்ளானது. நாடெங்கும் தொழிலாளர்கள் எழுப்பிய புகார் இது.

வேலை ஊருக்கு வருதல்

கணினி வேலையை நகரத்திலிருந்து பெயர்த்துக் கிராமத்துக்குக் கொண்டுவரும் முயற்சியில் தமிழகம் முன்னோடி. 2007-ல் சலோனி மல்ஹோத்ரா தொடங்கிய 'தேசிக்ரூ', சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்து, திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் மையம் அமைத்தது. 2010-ல் தமிழக அரசு ஊரக பி.பி.ஓ. கொள்கையை வெளியிட்டது. பொம்மிடிக்கு அருகில் உள்ள நல்ல எடுத்துக்காட்டு, 2008-ல் ஸ்ரீதர் மிட்டா உள்ளிட்டோர் தொடங்கிய 'நெக்ஸ்ட்வெல்த்' நிறுவனம் நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் நடத்தும் மையம்.

தொடக்கத்தில் இம்மையங்களில் படிவத் தட்டச்சும் ஆவணச் சரிபார்ப்பும் நடந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு தயாரிப்பது முதன்மை வேலை. திரையில் அயல்நாட்டுச் சாலை ஒன்றின் படம் வரும். ஊழியர் அதில் ஒவ்வொரு வாகனத்தையும் சுற்றிக் கட்டம் போடுவார். நடப்பவர், சைக்கிள், சிக்னல் விளக்கு என ஒவ்வொன்றுக்கும் பெயர் தருவார். மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருப்பது ஆளா, கம்பமா என்று தீர்மானிப்பதும் அவர்தான். இப்படி ஆயிரமாயிரம் படங்கள் குறிக்கப்பட்ட பிறகே ஓட்டுநரில்லாத கார் 'பார்க்க'க் கற்கிறது. சேகோ ஆலையில் மணிகளைச் சல்லடையில் தரம் பிரிப்பது போன்ற பொறுமையும் கண்ணும் கோரும் வேலை இது. தரம் பிரிக்கப்படுவது மட்டும் வேறு.

செயலிவழித் தொழிலாளர்

ஊரைவிட்டுப் போகும் இளைஞர்களுக்குக் கட்டட வேலைக்கும் ஆலைக்கும் அடுத்தபடியாக உணவு, சரக்கு விநியோகச் செயலிகள் வாய்ப்பாகின. நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை, 2020–21-ல் நாட்டில் இத்தகைய நிரந்தரமற்ற பணிகளைச் செய்யும் 'கிக்' தொழிலாளர் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029–30-ல் அது 2.35 கோடியாகலாம் என்றும் மதிப்பிட்டது. இவர்களுக்கு மேஸ்திரி கிடையாது. வேலையையும் தொகையையும் செயலியின் கணக்கீடு தீர்மானிக்கிறது. முன்பு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டவர் இன்று வண்டித் தவணைக்குக் கட்டுண்டிருக்கிறார். 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தபடி தமிழகத்தில் இவர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020, கிக் தொழிலாளர் என்ற வகையை முதன்முறையாகச் சட்டத்தில் ஏற்றது.

மதிப்பீடு

இணையம் வந்தால் ஊரும் நகரமும் ஒன்றாகிவிடும் என்ற நம்பிக்கை இருபதாண்டுகளுக்கு முன் பரவலாக இருந்தது. பொம்மிடி வட்டாரத்தின் அனுபவம் அவ்வளவு நேரானதல்ல. விலைச் செய்தியும் கூலிப் பணமும் நொடியில் வருகின்றன. விலையையும் கூலியையும் முடிவுசெய்யும் இடம் வெளியூராகவே இருக்கிறது. மாற்றம் நிலைத்த இடங்களில் கம்பியோடு ஒரு நிறுவனமும் இருந்தது. ஜவ்வரிசிக்குக் கூட்டுறவுச் சங்கம், மாவுப்பூச்சிக்கு ஆராய்ச்சி நிலையம், ஊரகக் கணினி மையத்துக்கு முதலீடும் பயிற்சியும் துணை நின்றன. அத்தகைய நிறுவனம் இல்லாத இடங்களில் இணையம் ஊரைவிட்டுப் போவதை எளிதாக்கியதே தவிர, ஊரில் இருந்தபடி பிழைப்பதை எளிதாக்கவில்லை.

வேலை தேடி வெளியூர் போகும் பொம்மிடி வட்டாரத்து மக்களுக்கு, இன்றும் முதல் வாசல் அந்த ரயில் நிலையம்தான்.