வீடு எங்கே, வேலை என்ன?

நள்ளிரவில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், ரோந்து வரும் காவலர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள். வீடு எங்கே? என்ன வேலை? இந்த விசாரணைக்கு வயது எழுநூறை நெருங்குகிறது.

1348இல் இங்கிலாந்துக்குள் புகுந்த கொள்ளைநோய் ஊர் ஊராகக் காலி செய்தது. பிழைத்த உழைப்பாளிகளுக்கு ஏகக் கிராக்கி, கூலி ஏறியது, நிலக்கிழார்கள் பதறினார்கள். மறு ஆண்டே மூன்றாம் எட்வர்ட் மன்னர் பழைய கூலிக்கே உழைக்கும்படி உத்தரவிட்டார். உடம்பில் தெம்புள்ளவனுக்குப் பிச்சை போடவும் தடை. திருட்டுப் பயத்தைவிட வயலில் ஆள் பஞ்சமே இந்தச் சட்டத்தைப் பெற்றெடுத்தது.

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 270ஆம் பிரிவில் மூன்று 'இல்லை'கள்: நிலையான வீடு இல்லை, பிழைக்க வழி இல்லை, வழக்கமான தொழில் இல்லை. மூன்றும் சேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதம் சிறை. வசதியான ஒருவர் ஜாமீன் நின்றால் தப்பலாம். 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையோடு இது புதுச்சேரியில் கரையேறியது. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் கால்நடையாகவே போகும் சாதுக்களின் நாட்டில் இந்த மூன்று 'இல்லை'களும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று பாரிசில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்!

1848இல் அடிமை முறை ஒழிந்ததும் ரீயூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களில் மறுபடி ஆள் பஞ்சம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1852ஆம் ஆண்டு ஆணை பழைய இலக்கணத்தில் ஒரு கொக்கி சேர்த்தது: ஓராண்டு ஒப்பந்தமோ வேலைப் புத்தகமோ காட்டினால்தான் தொழில் உண்டு என்று அர்த்தம். பக்கத்து மொரீஷியசில் பிரிட்டிஷார் ஒரு படி மேலே போனார்கள். 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும். இல்லாதவர்களைப் போலீஸ் வேட்டையாடியது. 1871இல் இந்தத் தொழிலாளர்களுக்காக அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்பவர் திரட்டிய மனுவில் 9,401 பேர் சேர்ந்த பிறகுதான் லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது.

புதுச்சேரியிலோ வேறு கூத்து. 1908இல் பாரதி, 1910இல் அரவிந்தர் என்று பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பியவர்கள் வந்து குவிய, வெளியூர்க்காரர்கள் ஐந்து உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கையெழுத்தைக் காட்ட வேண்டும் என்றது பிரெஞ்சு அரசு. அந்த 1810 ஜாமீனுக்கு இது தூரத்துச் சொந்தம். அரவிந்தருக்காக ஓடியாடிக் கையெழுத்து வாங்கித் தந்தவர் உள்ளூர்ப் பிரமுகர் கலவை சங்கரச் செட்டியார்.

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் போனது. தண்டனைச் சட்டம் போகவில்லை. 1963 அக்டோபர் 1 முதல்தான் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் வந்தன. கூடவே 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவும் வந்து சேர்ந்தது, எட்வர்டின் கொடிவழியில்: கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவரும், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவரும் நன்னடத்தைப் பிணை தர வேண்டும். பேச்சுவழக்கில் இதுதான் 'சந்தேகக் கேஸ்'.

1974 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம் இந்த வாசகத்தைக் கழற்றிவிட்டது. பிரான்ஸ் தன் 270ஆம் பிரிவைக் கைவிட்டதோ 1994 மார்ச்சில். ஆனால் 109இன் மறுபாதி, குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒளிந்து நிற்பதாகச் சந்தேகிக்கப்படுபவரைப் பற்றியது, போகவே இல்லை. 2024 ஜூலை முதல் அது அடுத்த நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128ஆம் பிரிவு. ஓராண்டு வரை பிணை கேட்கலாம்.