போலீஸ் வண்டியில் சைரன் எப்போது ஒலிக்கலாம்? விதிகள் சொல்வது என்ன?

சைரன் அலற, சிவப்பு நீல விளக்கு சுழல போலீஸ் ஜீப் ஒன்று சிக்னலைத் தாண்டிப் போகிறது. அடுத்த ஜீப் சத்தமே இல்லாமல் வேகமாகப் போகிறது. ஏன் இந்த வித்தியாசம்? போலீஸ் நினைச்ச நேரத்துல சைரன் போடலாமா?

யாருக்கு அனுமதி?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 119-வது விதிப்படி, பல ஒலி எழுப்பும் ஹாரனை எல்லோரும் பொருத்த முடியாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, மீட்பு வாகனங்கள், பணியில் இருக்கும் போலீஸார் உள்ளிட்ட சிலருக்கு மட்டுமே அனுமதி. விஐபி கார்களில் இருந்த சிவப்பு விளக்குகளுக்கு 2017 மே 1 முதல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

சிக்னலை மீறலாமா?

மீறலாம். ஆனா நிபந்தனை உண்டு. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, உயிரைக் காப்பது போன்ற உண்மையான அவசரம் இருக்க வேண்டும். விளக்கும் சைரனும் இயங்க வேண்டும். அப்போது சிவப்பு சிக்னலைக் கடக்கலாம், வேக வரம்பையும் தாண்டலாம். ஆனால் உரிய கவனத்தோடு, ஓட்டுநர் தன் சொந்தப் பொறுப்பில்தான் அதைச் செய்ய வேண்டும். அதாவது சைரன் என்பது 'வழி விடுங்க' என்ற கோரிக்கைதான். விபத்து நடந்தா தப்பிக்க உதவும் கவசம் கிடையாது.

வேகத்தால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

5 கி.மீ. தூரத்தை 60 கி.மீ. வேகத்தில் கடக்க 5 நிமிடம் ஆகும். 80 கி.மீ. வேகம் என்றால் 3 நிமிடம் 45 விநாடி. மிச்சம் 75 விநாடிதான். மூச்சு நின்றுபோனவருக்கு அந்த 75 விநாடி உயிர். ஆனால் நேற்று தொலைந்த செல்போன் குறித்த புகாருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரே விநாடியில் சுமார் 22 மீட்டர் ஓடிவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி, பாட்டு போட்டு வரும் கார்காரருக்கு சைரன் தாமதமாகத்தான் கேட்கும். அதனால் ஆபத்து அதிகம் இருப்பது சந்திப்புகளில்தான். சைரன் போட்டிருந்தாலும் அங்கே வேகத்தைக் குறைத்து, மற்ற வண்டிகள் நின்றுவிட்டதை உறுதி செய்த பிறகே கடக்க வேண்டும்.

சத்தமில்லாமல் போவது ஏன்?

வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்னு தகவல் வந்தா, சைரன் அவனைத் தப்பிக்க வைத்துவிடும். ஒருவரைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும் இடத்திலும், தற்கொலை மிரட்டல் விடுபவரின் அருகிலும் அந்தச் சத்தம் பதற்றத்தைக் கூட்டும். அதனால் சம்பவ இடத்தை நெருங்கும்போது சைரனை நிறுத்திவிடுவது உண்டு. சைரனை நிறுத்தியதும் வேகத்தையும் குறைத்தாக வேண்டும்.

நாம என்ன செய்யணும்?

பதறி நடுரோட்டில் பிரேக் அடிக்காதீங்க. இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஓரம் கட்டுங்க. வழி விடுவதற்காக நீங்களும் சிக்னலைத் தாண்டி சந்திப்புக்குள் போயிடாதீங்க. முன்னால் போகும் சைரன் வண்டியை ஒட்டியே பின்தொடர்வதும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவுப்படி, தீயணைப்பு வாகனம், ஆம்புலன்ஸ், மாநில அரசு குறிப்பிடும் பிற அவசர வாகனங்களுக்கு வழி விடாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒரு வண்டி போனதும் உடனே ரோட்டுக்குத் திரும்பிடாதீங்க. பின்னாலேயே இன்னொரு வண்டி வரலாம். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்க.