உவாச என்னும் ஒரு சொல்

வடமொழிப் பாரதம் ஓதக் கேட்ட மெய்யன்பர்கள், சுலோகங்களுக்கிடையே “வைசம்பாயன உவாச”, “சஞ்சய உவாச” என வருதலை அறிவர். உவாச என்பதற்குக் கூறினார் என்பது பொருள். இத்தொடர் யாப்பினுள் அடங்காது தனித்து நின்று, இனிப் பேசுவார் இன்னார் என முன்னறிவிக்கும்.

தமிழ் மரபோ வேறு. நம் மொழியிற் பெரும்பாலும் கூற்று முன்னே நிற்க, “என்றான்” என்பது பின்வந்து முடிக்கும். ஆதலின் வில்லிபுத்தூரார், விருத்தப்பாவினுள்ளேயே பேசுவோரைப் புலப்படுத்திச் சென்றார். அது காவிய நெறி, குற்றமன்று.

ஆயினும் கீதையை மொழிபெயர்ப்போர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். முதல் அத்தியாயத்தில் கண்ணபிரான் தேரை நிறுத்திக் கூறும் சிறுமொழி, சஞ்சயன் சுலோகத்துள்ளேயே அடங்கிவிடும். அதற்குத் தனித் தலைப்பில்லை. அருச்சுனன் வில்லை நழுவவிட்டுச் சோர்ந்த பின்னர், 2ஆம் அத்தியாயத்திலேதான் “ஸ்ரீபகவான் உவாச” முதன்முதல் தோன்றுகிறது. முன்னது சாரதியின் சொல். பின்னது குருவின் உபதேசம். இரண்டிடத்தும் “கண்ணன் சொன்னான்” என்றெழுதிவிடின் இவ்வேறுபாடு மறையும்.

மடத்திற் பயின்ற இளமையில் யான் ஒருநாள் உவாசத் தொடர்களை விடுத்துச் சுலோகங்களை மட்டும் விரைந்து படித்தேன். ஆசிரியர் கையமர்த்தி, “சொன்னவர் யாரென அறியாமல் சொல்லை எங்ஙனம் வணங்குவாய்?” என்றார். ஐம்பதாண்டு கடந்தும் அவ்வினா என் செவியை விட்டகலவில்லை.

திருக்கோயில்களில் இதிகாசம் படிப்போர் இச்சிறு தொடரையும் நிறுத்தி ஓதுக. கேட்போர் அதனையும் செவிமடுத்துக் கேட்க. உரைத்தவரை உணர்ந்த பின்னரே உரையின் பொருள் உள்ளத்தில் நிலைபெறும் என்க.