130 டாலருக்கு விற்கப்பட்ட சூப்பர்மேன்: 1938-ல் வந்த முதல் காமிக்ஸில் என்ன இருந்தது?

ஒரு பச்சை கார். அதை ஒரே ஆள் தலைக்கு மேல தூக்கி பாறையில் மோதுகிறார். சுற்றி இருப்பவர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள். 1938-ல் அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டைப்படம் இதுதான். சூப்பர்மேன் உலகத்துக்கு அறிமுகமானது இந்த இதழில்தான்.

இதன் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 50 கோடி ரூபாய். ஆனா, சூப்பர்மேனை உருவாக்கிய 2 பேருக்கு அந்தக் கதாபாத்திரத்தின் முழு உரிமைக்குமாகக் கிடைத்தது 130 டாலர் மட்டுமே. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் அந்த 2 பேர்?

கதை எழுதியவர் ஜெர்ரி சீகல், படம் வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஓஹியோ மாகாணத்தின் கிளீவ்லாண்ட் நகரில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள்.

1933-ல் சொந்தமாக நடத்திய சிறுபத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் பயன்படுத்தினார்கள். ஆனா அதில் சூப்பர்மேன் ஹீரோ இல்லை, மொட்டைத் தலை வில்லன்! பிறகுதான் அவனை நல்லவனாக மாற்றினார்கள். செய்தித்தாள்களில் தினசரி தொடராக வரவைக்க வருடக்கணக்கில் முயன்றார்கள். எல்லா இடத்திலும் நிராகரிப்புதான்.

கடைசியில், இன்று டிசி காமிக்ஸ் என்று நாம் அறியும் நிறுவனம் புதிய மாத இதழுக்குக் கதை தேடியபோது வாய்ப்பு வந்தது. செய்தித்தாளுக்காக வரைந்த படங்களை வெட்டி ஒட்டி 13 பக்கங்களாக மாற்றிக் கொடுத்தார்கள். அட்டையில் ஜூன் மாதம் என்று போட்டிருந்தாலும், இதழ் கடைக்கு வந்தது ஏப்ரல் 18-ம் தேதி.

முதல் கதையில் என்ன இருந்தது?

இன்று நமக்குத் தெரிந்த சூப்பர்மேன் அதில் பாதிதான் இருக்கிறார்.

* அவரால் பறக்க முடியாது. ஒரே தாவலில் சுமார் 200 மீட்டர் கடப்பார், 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார், எக்ஸ்பிரஸ் ரயிலை விட வேகமாக ஓடுவார்.
* அவர் வந்த கிரகத்துக்குப் பெயரே கிடையாது. வளர்ப்புப் பெற்றோரும் இல்லை. வழிப்போக்கர் ஒருவர் குழந்தையைக் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார்.
* இவ்வளவு பலம் எப்படி? எறும்பு தன் எடையைவிட பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி அவ்வளவு தூரம் தாவுகிறது, அது மாதிரிதான் என்று விளக்கம் தருகிறது கதை.
* லெக்ஸ் லூதர் இல்லை, அவர் 1940-ல் தான் வந்தார். கிரிப்டோனைட் இல்லை, அது 1943-ல் ரேடியோ நாடகத்தில் பிரபலமானது.

கிளார்க் கென்ட் என்ற பயந்தாங்கொள்ளி நிருபர் வேஷமும், அவரைக் கண்டாலே அலட்சியம் காட்டும் லோயிஸும் மட்டும் முதல் நாளிலேயே வந்துவிட்டார்கள்.

அந்தக் கதையில் சூப்பர்மேன் யாரோடு மோதுகிறார் தெரியுமா? வேற்றுகிரகவாசியோடு இல்லை. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் நிரபராதிப் பெண்ணைக் காப்பாற்ற நள்ளிரவில் கவர்னர் வீட்டுக்குள் நுழைகிறார். மனைவியை அடிக்கும் கணவனைத் தூக்கிப்போட்டு அடிக்கிறார். லோயிஸைக் கடத்தும் ரவுடிகளின் காரை நொறுக்குகிறார், அட்டைப்படக் காட்சி அதுதான். செனட்டரை வளைத்துப்போடும் புரோக்கரை டெலிபோன் கம்பிகள் மேல் இழுத்துக்கொண்டு ஓடி மிரட்டுகிறார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்கா தவித்த காலம் அது. சாதாரண மக்களின் கோபம்தான் கதையாக வந்தது.

130 டாலர் கணக்கு என்ன?

பக்கத்துக்கு 10 டாலர் வீதம், 13 பக்கத்துக்கு 130 டாலர். இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3,000 டாலர்தான். அதோடு சூப்பர்மேன் மீதான எல்லா உரிமையும் கம்பெனிக்குப் போய்விட்டது. காமிக்ஸ் துறையில் அப்போது அதுதான் வழக்கம்.

தொடர்ந்து எழுதி வரைந்ததற்கு இருவருக்கும் பணம் வந்தது, வருமானம் மோசமில்லை. ஆனா ரேடியோ, சினிமா, பொம்மை என்று பெரிய பணம் வந்த இடத்தில் அவர்கள் உரிமையாளர்கள் இல்லை. 1947-ல் வழக்கு போட்டார்கள். அடுத்த ஆண்டு சுமார் 94,000 டாலருக்கு சமரசம் ஆனது. வேலை போனது, கதையில் இருந்த அவர்கள் பெயரும் போனது.

1970-களில் சீகல் கலிஃபோர்னியாவில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்த நேரத்தில் சூப்பர்மேன் படத்தை பிரம்மாண்டமாக எடுக்கப்போவதாக அறிவிப்பு வர, சீகல் பத்திரிகைகளுக்குத் தன் நிலையை எழுதி அனுப்பினார். கார்ட்டூனிஸ்டுகள் ஆதரவாகத் திரண்டார்கள். 1975 டிசம்பரில் வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் தர ஒப்புக்கொண்டது. 'உருவாக்கியவர்கள்' என்று பெயர் போடவும் சம்மதித்தது. ஷஸ்டர் 1992-லும், சீகல் 1996-லும் காலமானார்கள்.

குடும்பத்தினருக்கு உரிமை கிடைத்ததா?

பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்ய 1976 காப்புரிமைச் சட்டம் ஒரு வழி கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு சீகல் குடும்பம் கோர்ட்டுக்குப் போய், 2008-ல் முதல் இதழின் உரிமையில் பங்கு உண்டு என்று தீர்ப்பும் வாங்கியது. ஆனா 2001-லேயே இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி, 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

இன்னொரு வேடிக்கை: அந்த 130 டாலரும், வேறு கதைகளுக்கான தொகையும் சேர்த்து 1938-ல் கொடுக்கப்பட்ட 412 டாலர் செக், 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. உரிமைக்குக் கொடுத்த பணத்தைவிட, அதற்கு எழுதிய காகிதத்துக்கு மதிப்பு பல மடங்கு!

அடுத்து என்ன?

இப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, முதல் இதழின் 95 ஆண்டு காப்புரிமை 2033 இறுதியோடு முடிகிறது. 2034 ஜனவரி 1 முதல் அந்தக் கதையை அங்கே யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனா ஒரு கண்டிஷன்: அன்று விடுதலையாவது 13 பக்கத்தில் இருக்கும் சூப்பர்மேன் மட்டும்தான். அவர் தாவலாம், பறக்கக்கூடாது. பிற்காலத்தில் சேர்ந்த விஷயங்களுக்குத் தனித்தனிக் கெடு உண்டு. பெயருக்கும் சின்னத்துக்கும் டிரேட்மார்க் பாதுகாப்பும் தொடரும்.

அதனால்தான் 10 சென்ட் புத்தகத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை வக்கீல்களும் இன்னும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.